ஒளியை முந்தியதாகச் சொல்லப்பட்ட துகள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஒளியைவிட வேகமாகச் செல்லும் துகளை ஐரோப்பாவில் 2011ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டு, ஐன்ஸ்டைனின் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் பின்னர் மூடி மறைத்துவிட்டார்கள் என்று உன் அலுவலக நண்பர் சொன்னதாகத் தொலைபேசியில் கூறினாய். இத்தனை ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவள் என்பதால், அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியிலுள்ள ஆய்வகத்துக்கு, ஏறத்தாழ 730 கிலோமீட்டர் பாறையை ஊடுருவி நியூட்ரினோக்கள் அனுப்பப்பட்டன. எதனுடனும் எளிதில் மோதாத மிக நுண்ணிய துகள்கள் இவை; உன் நண்பர் சொன்ன துகளும் இதுதான். அந்தத் தொலைவைக் கடக்க ஒளிக்கு 2.4 மில்லிநொடி ஆகும். கிரான் சாசோவில் இருந்த ஓப்பரா குழுவினர் அளந்தபோது, நியூட்ரினோக்கள் அதைவிடச் சுமார் 60 நானோநொடி (நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னதாகவே வந்து சேர்ந்ததாகத் தெரிந்தது. பல மாதங்கள் தேடியும் தங்கள் அளவீட்டில் பிழை அகப்படாததால், 2011 செப்டம்பரில் அவர்கள் முடிவை உலகின் முன் வைத்து, மற்றவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். மறைக்க நினைப்பவர்கள் இப்படிச் செய்வார்களா என்று உன் நண்பரிடம் கேள்.

அப்போதே பலர் 1987ஆம் ஆண்டை நினைவூட்டினார்கள். பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் அந்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் கமியோகாண்டே நீர்த்தொட்டியில் பதிவாயின. ஒளி சில மணி நேரம் கழித்தே வந்தது. விண்மீனின் மையம் இடிந்து விழுந்தவுடன் நியூட்ரினோக்கள் வெளியேறிவிடுகின்றன, ஒளியோ அதிர்வலை மேற்பரப்பை எட்டும்வரை வெளிவர முடிவதில்லை என்பதுதான் அந்த இடைவெளிக்குக் காரணம். ஓப்பரா கண்ட அளவுக்கு அவை ஒளியை முந்தியிருந்தால், நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். ஆயினும் ஓப்பராவின் நியூட்ரினோக்கள் பல மடங்கு அதிக ஆற்றல் கொண்டவை என்பதால், இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை.

கமியோகாண்டேயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீருக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. நியூட்ரினோ மோதியதால் கிளம்பும் மின்துகள் அதைவிட வேகமாக ஓடி, இயற்பியலாளர் செரன்கோவ் 1934இல் விவரித்த அந்த நீல ஒளியை உமிழ்கிறது; தொட்டியின் சுவரிலுள்ள கருவிகள் பார்ப்பது அதைத்தான். எனவே நீரில் ஒளியை முந்தலாம். முந்த முடியாதது வெற்றிடத்தில் ஒளிக்குள்ள வேகத்தை, அதாவது நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டரை.

ஓப்பராவின் பிழை 2012 பிப்ரவரியில் தெரியவந்தது. ஜிபிஎஸ் நேரக்குறிப்பைத் தலைமைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்த கண்ணாடி இழை வடம் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்ததால், அந்தக் குறிப்பு தாமதமாக வந்து கடிகாரத்தைப் பின்தங்க வைத்திருந்தது. பின்தங்கிய கடிகாரத்தில் பார்த்தால் எவரும் முன்னதாக வந்தவராகத்தானே தெரிவார்? அதே மலைக்கடியில் இருந்த இக்காரஸ் கருவி மார்ச் மாதத்தில் தனியாக அளந்து, நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை என்று காட்டியது. பிழையைக் கண்டுபிடித்து அறிவித்தவர்களும் ஓப்பரா குழுவினரே என்பதால் அவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இந்த வரம்பு யாரோ விதித்த தடை என்று நினைக்காதே. செர்னில் 2000ஆம் ஆண்டுவரை இயங்கிய, துகள்களை வேகப்படுத்தும் லெப் முடுக்கியில் எலக்ட்ரான்களுக்கு மேலும் மேலும் ஆற்றல் ஊட்டியும், இறுதியில் அவை ஒளியைவிட நொடிக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறைவான வேகத்தையே எட்டின. நிறையுள்ள பொருள் ஒளிவேகத்தை அடைய எல்லையற்ற ஆற்றல் வேண்டும்.

அப்படியானால் பிறக்கும்போதே ஒளியைவிட வேகமாகப் பிறந்த துகள் இருக்கலாமே என்று 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோருடன் சேர்ந்து கேட்டவர் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் ஈ. சி. ஜி. சுதர்சன். இமயமலையை எவரும் ஏறிக் கடக்கவில்லை என்பதால் அதற்கு வடக்கே மக்களே இல்லை என்று சொல்லலாமா என்பது அவருடைய வாதம். அந்தக் கற்பனைத் துகளுக்கு டேக்கியான் என்று 1967இல் பெயரிட்டவர் இயற்பியலாளர் ஃபைன்பெர்க். எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். ஆனால் ஒளியை முந்தும் ஒரு செய்தியை அனுப்ப முடிந்தால், ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின்படி, தக்க வேகத்தில் செல்லும் வேறொருவரின் பார்வையில் அது புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும், விளைவு காரணத்துக்கு முந்திவிடும். இந்தச் சிக்கலைத் தவிர்க்கச் சுதர்சன் ஒரு மறுவிளக்கம் தந்தார். அது போதாது என்றே பெரும்பாலான இயற்பியலாளர்கள் கருதுகிறார்கள். டேக்கியானும் இதுவரை எந்தக் கருவியிலும் அகப்படவில்லை.

உன் நண்பர் இன்னும் ஐயுற்றால், அந்த நான்கு ஆண்டுக் கணக்கை அவரையே போட்டுப் பார்க்கச் சொல். 60 நானோநொடியை 2.4 மில்லிநொடியால் வகுத்து 1,68,000 ஆண்டால் பெருக்கினால் போதும்.

அன்புடன்,
அம்மா