ஆங்கில வகுப்பில் ஹாலோவீன் கார்ட்டூன்: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பும் மதிப்பும் நிறைந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலப் பாடவேளையில், ஹாலோவீன் பண்டிகையை ஒட்டிய சிறுவர் கார்ட்டூன் ஒன்றைப் பகுதி பகுதியாகத் திரையிட்டு வருகிறோம். “பள்ளிக்கூடத்தில் பேய்ப்படம் போடுகிறார்களாமே” என்று பெற்றோர் சிலர் வகுப்பாசிரியர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது நியாயம். அதற்கு முழுமையாகப் பதில் சொல்வது என் கடமை.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைகளுக்குப் பூச்சூட்டி மெழுகுவர்த்தி ஏற்றுவதை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு முந்தைய நாள் அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கும் முந்தைய மாலை, அக்டோபர் 31, ஹாலோவீன். அந்த மாலையில் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கம், 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா சென்று, பரங்கிக்காய்க்கு மாறியது. முகம் செதுக்கிய அந்தப் பரங்கிக்காயைத் திரையில் கண்டதுமே, புதுவீடு கட்டும் இடத்தில் தொங்கும் திருஷ்டிப் பூசணியை நம் பிள்ளைகள் தாமாகவே நினைவுகூர்ந்தார்கள். பள்ளியில் இப்பண்டிகையைக் கொண்டாடப் போவதில்லை. வேடமோ முகமூடியோ எதுவும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை.

இந்தக் கார்ட்டூனைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் பேய்கள் அல்ல, அதில் வரும் கதவுகள். வேடமிட்ட சிறுவர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள், மிட்டாய் கேட்கிறார்கள், பையை நீட்டி வாங்குகிறார்கள், நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்கள், கடைசியில் எண்ணிப் பார்த்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே செயல் திரும்பத் திரும்ப வருவதால் டோர், நாக், ஓப்பன், பேக், ஃபுல், எம்ப்டி, நெய்பர், ஷேர் போன்ற சொற்களும் “இட்ஸ் மை டர்ன்”, “ஹவ் மெனி டூ யூ ஹேவ்” போன்ற சிறு வாக்கியங்களும் சலிப்பில்லாமல் பலமுறை காதில் விழுகின்றன. புத்தகத்தில் மட்டும் படிக்கும் பிள்ளை, எழுத்தைப் பார்த்து, ‘நாக்’ என்பதைக் ‘க்நாக்’ என்று வாசிப்பது வழக்கம்; கதவு தட்டப்படும் ஓசையோடு அச்சொல்லை முதலில் கேட்ட பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் வருவதில்லை. சொல்லையும் பொருளையும் இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்தவற்றைப் பேச்சில் பயன்படுத்தப் பிள்ளைகள் தயங்குவதை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறேன். அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

ஒவ்வொரு பகுதியையும் முதலில் ஒலியில்லாமல் காட்டி, என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளையே தமிழில் சொல்லச் சொல்கிறோம். கதை தமிழில் தெளிவாகிவிட்டால், அடுத்து ஒலியோடு பார்க்கும்போது அவர்கள் கவனம் முழுவதும் சொற்கள்மேல் நிற்கிறது. பிறகு வகுப்பறைக் கதவையே வீட்டுக் கதவாகக் கொண்டு நடித்துக் காட்டுகிறார்கள். மிட்டாய்க்குப் பதில் கடலைமிட்டாய் வழங்குகிறோம். சென்ற வாரம் மழையில் மின்சாரம் நின்றபோது, ஆசிரியர் எதுவும் கேட்காமலேயே, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் “இட்ஸ் டார்க்” என்று ஒருசேரச் சொன்னார்கள். தேர்வு மதிப்பெண்ணைவிட அது எனக்குப் பெரிதாகப்பட்டது.

படத்தில் வரும் பேய்கள் போர்வை போர்த்திய சிறுவர்களே என்றாலும், எல்லாப் பிள்ளைகளின் மனமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரவில் அஞ்சி எழுந்தாலோ தனியே படுக்கத் தயங்கினாலோ வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். அப்பிள்ளைக்கு அதே சொற்களைப் படஅட்டைகள் கொண்டு கற்பிப்போம்.

“எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, நாங்கள் என்ன செய்ய முடியும்” என்று, விடியுமுன் மல்லிகை பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை. அடுக்களையிலோ திண்ணையிலோ பிள்ளை ஒரு பொருளைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னால், செய்யும் வேலையைச் சற்றே நிறுத்திக் கேளுங்கள். எழுத்துக்கூட்டச் சொல்லாதீர்கள், பிழையாகச் சொன்னாலும் பிறர் முன்னிலையில் சிரித்துவிடாதீர்கள், ஏனெனில் அப்படி ஒருமுறை கூசிப்போன பிள்ளை மறுபடி வாய்திறக்க மாதக்கணக்கில் ஆகும். தம்பி தங்கைக்கு அது சொல்லிக்கொடுக்க விரும்பினால் அவசியம் விடுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கார்ட்டூனைக் கைபேசியில் தேடிப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கும். ஹாலோவீன் என்று தேடினால் பெரியவர்களுக்கான திகில் படங்களும் வந்து நிற்கும். வகுப்பில் காட்டுவதை ஆசிரியர் முன்னதாகவே முழுமையாகப் பார்த்து, விளம்பரமின்றிச் சேமித்து வைத்திருக்கிறார்.

பிள்ளைகள் பார்ப்பதை நீங்களும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்கு, ஸ்மார்ட் வகுப்பறையில், பெற்றோர்களுக்காக முழுக் கார்ட்டூனும் திரையிடப்படும். தாத்தா பாட்டிகளும் வரலாம். பார்த்த பின்னும் உங்கள் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று தோன்றினால் கையெழுத்திட்ட ஒரு வரி போதும். காரணம் கேட்க மாட்டோம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்