மரச்சீனி விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஆண்டுக் கூட்டத்துக்காவது வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் (கோரம்) சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். உரம் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டோம். காட்டுப்பன்றித் தொல்லை பற்றி மனு கொடுத்தோம். பதில் வரவில்லை, பன்றி வந்தது. சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம்.

இனி, வெளியூரில் மரவள்ளி என்கிற நம் மரச்சீனியை வைத்துப் பலரும் கேலி பேசும் விஷயம். "செயலாளர் மரச்சீனிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறார்" என்று களியக்காவிளை சந்தை வரைக்கும் பேச்சு. ஆமாம், பண்ணித்தான் வைத்தேன். காரணம் இது.

நம் வாய்க்கு எம்-4 ரகம்தான் கிழங்கு. அவித்தால் பூத்து வரும், மீன்கறியோடு வேறெதுவும் வேண்டாம். ஆனால் பத்து மாதம் மண்ணில் கிடக்க வேண்டும். சித்திரையில் தண்டுக் கம்பு நட்டால் மாசிக்குத்தான் பறிப்பு. அதுவரை பன்றிக்கு நாம் விருந்து வைக்கிறோம், மறு பயிருக்கும் இடமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் எச்-97, எச்-165, எச்-226 கலப்பினங்களை 1971லேயே கொடுத்தது. 1998இல் அவர்கள் வெளியிட்ட ஸ்ரீ ஜெயா ஆறேழு மாதத்தில் பறிக்கலாம். நல்ல கிழங்குதான். என்றாலும் எங்கள் வீட்டில் பாட்டி காலத்து நாட்டு ரகம் ஒன்று உண்டு. அதன் ருசியும் ஸ்ரீ ஜெயாவின் அவசரமும் ஒன்று சேர்ந்தால் என்ன என்று தோன்றியது.

இரண்டையும் கலக்கும் வேலை லேசானதல்ல. மரச்சீனிப் பூங்கொத்தில் அடியிலிருக்கும் பெண்பூக்கள் முதலில் விரியும். அதே கொத்தின் ஆண்பூ விரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். விரியப்போகும் பெண்பூவைத் துணிப்பையால் மூடி வைத்து, மறுநாள் உச்சி வெயிலில் மற்ற ரகத்து ஆண்பூவைப் பறித்துவந்து தொட்டு, திரும்பவும் மூட வேண்டும். காய் முற்றினால் வெடித்துத் தெறிக்கும். பையை விட்டால் விதை போயிற்று. ஒரு காயில் மூன்று விதை. மூன்றும் மூன்று குணம். நல்லது ஒன்று அகப்பட்டால் பிறகு விதை வேண்டாம், கம்பை வெட்டி நட்டே பெருக்கலாம். இதையெல்லாம் இரண்டு வருடமாக என் கைக்காசில் செய்தேன்.

சென்ற ஆண்டு நாற்றாக இருந்தவற்றின் கம்பை இந்த ஆண்டு நட்டு, ஆறாம் மாதம் பறித்தோம். பெரும்பாலானவை விரல் பருமன். ஏழாம் எண் மூடு (செடி) மட்டும் இரண்டு பேர் பிடித்தும் அசையவில்லை. மண்வெட்டியால் சுற்றி இளக்கிய பிறகுதான் வந்தது. கட்டையாக, தோல் லேசாக, உரித்தால் பால்வெள்ளை. அன்றே அவித்தோம். ருசி பார்க்க எல்லோருக்கும் தகவல் அனுப்பினேன். வந்தவர்கள் நான்கு பேர். ஆண்டு விழா பிரியாணிக்கு எத்தனை பேர் என்பது சமையற்காரருக்குத் தெரியும்.

அடுத்தது சொல்லவே மனம் வரவில்லை. ஏழாம் எண்ணின் கம்புகளை நிழலில் சாய்த்து வைத்திருந்தேன். உறுப்பினர் ஒருவர், பெயர் வேண்டாம், இங்கேதான் இருக்கிறார், நான் வெளியூர் போயிருந்தபோது எடுத்துப்போய்த் தன் கோழிக்கூட்டுக்கு வேலி நட்டுவிட்டார். துளிர்த்ததை ஆடு மேய்ந்தது. மிச்சம் மூன்றே கம்பு. இரண்டு வருட உழைப்பு இப்போது அந்த மூன்றில்தான் நிற்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு பெரிதாக இல்லை, துண்டு விழுந்ததை ஒருவழியாகச் சமாளித்தோம். சந்தா பாக்கி பாதிப் பேருக்கு மேல். சிலர் மூன்று வருடமாக "அடுத்த மாதம்" என்கிறார்கள்.

கூடம் தந்த சர்ச் நிர்வாகத்துக்கும், மைக் செட்டுக்காரருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் தொடர்வேனா என்று இப்போது சொல்ல முடியாது. உடம்பும் முன்போல் இல்லை. ஆனால் சித்திரை மழைக்கு அந்த மூன்று கம்பையும் துண்டு போட்டு நட வேண்டும். தேமல் நோய் பிடித்த செடியும் அதைப் பரப்பும் வெள்ளை ஈயும் பக்கத்தில் இல்லாத ஐந்து சென்ட் நிலமும், பன்றி நுழையாதபடி வேலியும் தேவை. நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியும். சந்தா நோட்டு மேசைமேல் விரித்தே இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

செயலாளர்