ஆடி 15-க்குள் ரூ.1,65,600 வேண்டும்

சேர்வராயன் துணை.

சேர்வராயன் மலையில் இருக்கும் பெரியோர்களுக்கும், சேலத்தில் குடியேறிவிட்ட நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் கமிட்டியின் வணக்கம்.

ஸ்கிளீரோடெர்மா என்ற தோல் இறுகும் நோயால் அவதிப்படும் நம்மூர்ப் பெண்கள் இருவருக்கும் ஒளி சிகிச்சை நடப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த மூன்று மாதப் பணத்தை ஆடி 15-க்குள் கட்டியாக வேண்டும்.

"லைட் காட்டினால் தோல் சரியாகிவிடுமா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். லைட் தோலில் படுவதே இல்லை. ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் வெள்ளணுக்களைப் பிரித்து, சொராலன் மருந்து சேர்த்து, புற ஊதா ஒளியில் காட்டி, மறுபடி உடம்பிலேயே ஏற்றுகிறார்கள். சொந்த உடம்பையே தாக்கும் எதிர்ப்புச் சக்தி இதில் அடங்கும் என்பது டாக்டர்களின் கணக்கு. மாதம் ஒரு முறை, அடுத்தடுத்து இரண்டு நாள். அப்புறம் 24 மணி நேரம் வெயில் படக்கூடாது, கறுப்புக் கண்ணாடியும் போட வேண்டும். சொராலன் என்ற பெயர் கார்போகரிசிச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் கொடுத்த அதே கார்போகரிசிதான்! 1988-இல் அமெரிக்காவில் தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சையை அனுமதித்தார்கள். ஸ்கிளீரோடெர்மாவில் எல்லோருக்கும் ஒரேபோல் பலன் கிடைப்பதில்லை. பூரண குணம் என்று டாக்டரும் வாக்குத் தரவில்லை. இதை மறைத்துப் பணம் கேட்க எங்களுக்கு மனசில்லை.

ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்தோம். தைப் பனியில் விரல் வெளுத்து, நீலம் பாய்ந்து, காபிப் பழம் பறிக்கும் கூடையின் கயிற்றைக்கூட முடிச்சுப் போட முடியாமல் நின்ற பெண், போன வாரம் டம்ளரை ஒரு கையால் பிடித்துக் குடித்தாள்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காபிச் செடி போட்ட நாள் முதல், பறித்துச் சுமந்தது நம் பாட்டன் பாட்டிகள். அடுத்தவன் வீட்டில் பிணி என்றால் அரிசி மூட்டையோடு போய் நின்ற ஊர் இது.

செலவு: ஒருவருக்கு மாதம் ரூ.80,000. இருவருக்கு மூன்று மாதம் ரூ.4,80,000. பஸ், ரூம் வாடகை ரூ.27,000. ஆக ரூ.5,07,000. வசூல் ரூ.3,41,400.

இதில் பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் ரூ.2,140. முழுக்கச் சில்லறை, எண்ணி முடிக்க இரவு பத்தாகிவிட்டது. செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் நம் பையன்கள் ஒரு நாள் கூலியை அப்படியே அனுப்பினார்கள். பென்ஷன் வாங்கிய கையோடு மேடேறி வந்து ஐநூறு ரூபாய் கொடுத்த ஆயாவை எப்படி மறப்பது? உங்கள் எல்லோர் குடும்பத்தையும் சேர்வராயன் காப்பான்.

ரசீதுப் புத்தகத்தில் பெயர் எழுதித் தொகை எழுதாமல் 11 பக்கம் காலியாக இருக்கிறது. யார் யார் என்று சொல்ல மாட்டோம், அவரவருக்குத் தெரியும். திருவிழா வாணவேடிக்கைக்குக் கேட்காமலே கொடுத்தவர்கள்தான் அதில் பாதிப் பேர்.

தினமும் சாயங்காலப் பூஜை முடிந்ததும் பொருளாளர் கோயில் மண்டபத்தில் இருப்பார். ரசீது வாங்காமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கமிட்டியார்