தூக்குக் கொட்டடியில் தனியாக அடைப்பதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்காவது கொடூரக் கொலை நடந்தால் 'உடனே தூக்கில் போடுங்கள்' என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மத்திய சிறை ஒன்றில் தூக்குக் கொட்டடி முன்னால் இரவு பாரா பார்த்தவன் நான். அங்கே நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு என்றதுமே ஆளைக் கொண்டுவந்து தனிக் கொட்டடியில் பூட்டிவிடுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனையை நிறைவேற்ற முடியாது. அப்பீல், கருணை மனு எல்லாம் தள்ளுபடியாகும்வரை தனியாக அடைக்கக் கூடாது என்று 1978-இலேயே சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படி அடைபட்டிருந்தவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. பகலில் சாதாரணமாகத்தான் இருப்பார். விடியற்காலை மூன்று மணி ஆனால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். விடியும் முன்தான் தூக்கில் போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஆள் நடந்து வந்தால் பாரா என்று தெரியும், பேசாமல் இருப்பார். இரண்டு பேரின் பூட்ஸ் சத்தம் சேர்ந்து கேட்டால் போதும், சுவரோடு ஒட்டிக்கொள்வார். கால் நடுங்கும், வேட்டி நனைந்துவிடும். "சாரே, இன்னைக்கா?" என்பார். அப்பீலே இன்னும் விசாரணைக்கு வரவில்லை, கிடந்து உறங்கும் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது. அப்புறம் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயுளாகக் குறைத்தது. பொது பிளாக்குக்கு மாற்றிய பிறகும் பூட்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து நின்றார். அந்த பயத்தை எந்த நீதிபதி அவருக்குத் தண்டனையாக எழுதினார்?

2014 ஜனவரியில் 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தபோது, தனிக் கொட்டடி கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. 36 வருஷம் கழித்து!

நம் குமரி மாவட்டம் 1956 வரை தமிழ்நாட்டில் இல்லை. முன்பு நாம் இருந்த திருவிதாங்கூரில் 1944-இலேயே தூக்கை நிறுத்தியிருந்தார்கள். இந்தியச் சட்டம் வந்தபோது அதுவும் திரும்பி வந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தூக்கை அடியோடு ஒழிப்பது நாடாளுமன்றத்தின் வேலை. சரி, அதற்குக் காலம் ஆகட்டும். இருக்கிற சட்டத்தையாவது ஒழுங்காக நடத்தலாமே. நம் மாவட்டத்துக் கைதிகள் எந்தச் சிறையில் இருந்தாலும், இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல்கள் கொட்டடி வரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அப்பீல் முடியாதவரைத் தனியாக அடைத்திருந்தால் அன்றைக்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும்.

ஓய்வுபெற்ற சிறைக்காவலர்,
தக்கலை.