புறா சுமந்த பாக்கெட்டுகள்

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போய் வருகிறேன். இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

"டெக் கம்பெனிகள் அடிக்கிற ஜோக்கைக் கண்டாலே எரிச்சல் வருகிறது, நமக்கு வயசாகிவிட்டதா வசந்தா?" என்று கேட்டிருந்தாய். வயசு இல்லடி. போன மாதம் அந்த பிசியோதெரபி கவுண்டரில் நின்றபோது எனக்குக் காரணம் புரிந்தது. மொபைலில் பணம் அனுப்பினேன். என் கணக்கில் 2,400 ரூபாய் கழிந்துவிட்டது, அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஆப்பில் ஒரு கார்ட்டூன் நாய்க்குட்டி வாலாட்டிக்கொண்டு, "அச்சச்சோ! ஏதோ சொதப்பிடுச்சு!" என்கிறது. கூப்பிட்டுக் கேட்க ஒரு நம்பர்கூடக் கிடையாது. எனக்குப் பின்னால் ஐந்து பேர் காத்து நிற்கிறார்கள். வலிக்கிற காலோடு சுவரில் சாய்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, "நம்ம காசு போனதுக்கு இந்த நாய் எதுக்குடி சிரிக்குது?" என்றாள். ஆறு நாள் கழித்துப் பணம் திரும்ப வந்தது. எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

கோபத்துக்குக் காரணம், நம் கம்ப்யூட்டர் தொழிலில் ஜோக் என்பதை நான் பெரிய சொத்தாக நினைப்பதுதான். ஜோக் அடிக்கிறவர் அதன் கஷ்டத்தைத் தானே படவேண்டும், அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது. அப்படிக் கஷ்டத்தைத் தாங்களே ஏற்றவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர் இருந்தார்கள்.

புறாக் கதை நினைவிருக்கிறதா? இன்டர்நெட்டின் விதிகளெல்லாம் ஆர்எஃப்சி என்ற ஆவணங்களாக எண் போட்டு வரும். 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வெயிட்ஸ்மன் எழுதிய 1149ஆம் ஆர்எஃப்சி, ஐபி பாக்கெட்டை, அதாவது ஐபி என்ற இன்டர்நெட் நெறிமுறைப்படி அனுப்பும் சின்னச் சின்னத் தகவல் துண்டை, புறா வழியாக அனுப்புவது எப்படி என்று விதி வகுத்தது. பாக்கெட்டைச் சின்னக் காகிதச் சுருளில் அச்சடித்துப் புறாவின் காலில் சுற்றி ஒட்டவேண்டும். ஒரு தடவைக்கு 256 மில்லிகிராம் வரை கொண்டுபோகலாம். புறாவுக்கு வயதாக ஆக அந்த அளவு கூடும் என்றும் எழுதியிருக்கிறார், நீ கவனி! மோதலைத் தவிர்க்கும் திறமை புறாவுக்குப் பிறவியிலேயே உண்டு. புழுவைக் கண்டுபிடித்து ஒழிக்கும் வசதியும் கூடவே வருகிறது. இதை எழுதுவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 1988 நவம்பரில், மோரிஸ் வார்ம் என்ற, தானே பரவுகிற 'புழு' புரோகிராம் இன்டர்நெட்டையே முடக்கிப் போட்டிருந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் படித்தவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்த ஜோக் தொழில்நுட்ப ரீதியாகச் சரி என்பதுதான். தன்னை எது சுமக்கிறது என்று ஐபி கேட்பதே இல்லை. செம்புக் கம்பியோ, கண்ணாடி இழையோ, ரேடியோ அலையோ, எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் புறாவும் சரிதானே? நெட்வொர்க்கை அடுக்கடுக்காகப் பிரித்து வடிவமைத்தார்களே, அதன் அழகை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

பதினொரு வருஷம் கழித்து, 2001 ஏப்ரல் 28 அன்று, நார்வேயில் பெர்கன் நகரத்து லினக்ஸ் குழுவினர் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரம். 9 பாக்கெட் அனுப்பியதில் 4க்குத்தான் பதில் வந்தது. சீக்கிரமாக வந்த பதிலுக்கே 53 நிமிஷம், கடைசியாக வந்ததற்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். ஒரு நாள் முழுக்க வெளியில் நின்று காகிதம் சுருட்டியிருக்கிறார்கள். யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை.

தேநீர்க் கெண்டி ஜோக்கையும் சொல்லிவிடுகிறேன். 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மாசின்டர், காபி மெஷினை நெட் வழியாக இயக்க ஒரு நெறிமுறை எழுதினார். தேநீர்க் கெண்டியிடம் காபி போடச் சொன்னால் அது 418 என்ற எண்ணோடு "நான் ஒரு தேநீர்க் கெண்டி" என்று பதில் தரவேண்டும். கிடைத்ததையெல்லாம், வெப் பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையான எச்டிடிபிக்குள் திணிக்கும் பழக்கத்தை அவர் கிண்டல் செய்தார். புரோகிராமர்கள் அதையும் நிஜமாகவே கோடில் எழுதி வைத்தார்கள். 2017இல் எச்டிடிபி பணிக்குழுவின் தலைவர் மார்க் நாட்டிங்ஹாம், அந்த எண் பிற்காலத்துக்குத் தேவைப்படலாம், எடுத்துவிடுங்கள் என்று நோட்.ஜேஎஸ், கோ என்ற புரோகிராம் எழுதும் கருவிகளைப் பராமரிப்பவர்களிடம் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எதிர்ப்பு கிளம்பி, எண் தப்பித்தது. 2022இல் வந்த எச்டிடிபி விதிநூலில் 418 வேறெதற்கும் தரப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

கம்பெனிக்கு உள்ளேயும் இப்படி நடந்திருக்கிறது. வீடியோ கேம் செய்த அடாரி கம்பெனி அந்தக் காலத்தில் தன் விளையாட்டுகளில் புரோகிராமர் பெயரைப் போடவில்லை. நான்கு பேர் அந்த மனக்கசப்பில் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் என்ற கம்பெனியையே தொடங்கினார்கள். அங்கே புரோகிராமராக இருந்த வாரன் ராபினெட் வேறு வழி கண்டார். 'அட்வென்சர்' விளையாட்டில் ஒரே ஒரு புள்ளியை, பின்னணியின் நிறத்திலேயே, ஒளித்து வைத்தார். அதைக் கண்டுபிடித்துச் சரியான இடத்துக்கு எடுத்துப் போனால் ஓர் அறை திறக்கும். அங்கே இதைச் செய்தவர் வாரன் ராபினெட் என்று மின்னும். மேலதிகாரிகளிடம் சொல்லவே இல்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஒரு பையன் கடிதம் எழுதித்தான் கம்பெனிக்கே தெரிந்தது. இதை நான் வெறும் குறும்பாகப் பார்க்கவில்லை. கோயில் தூணின் மூலையில் தன் உருவத்தைச் செதுக்கிவிட்டுப் போகிற சிற்பியின் ஆசை அது.

எக்செல் 97இல் நாம் கண்டுபிடித்தது ஞாபகமிருக்கா? எக்ஸ்97 என்ற கட்டத்துக்குப் போய் ஏதேதோ கீயை அழுத்தினால், கணக்குத் தாள் மறைந்து ஊதா நிற மலைகளுக்கு மேல் பறக்க ஆரம்பித்தோமே! கடைசியில் ஒரு கல்லில் அதைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடும். நீ எல்லாப் பெயரையும் சத்தமாகப் படித்தாய். 2002இல் பாதுகாப்பை முதலிடத்தில் வைப்பதாக மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்த பிறகு இப்படி ஒளித்து வைப்பது நின்றது. அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ஓடுகிற மென்பொருளில் யாருக்கும் தெரியாத கோடு இருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெயர்களை வெளிப்படையாகவே ஒரு பக்கத்தில் போட்டிருக்கலாம். சினிமாவில் லைட்பாய் பெயர் வரை போடுகிறார்களே.

கூகுளைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயிலை 1 ஜிபி இடத்தோடு அறிவித்தபோது பலர் ஜோக் என்றே நினைத்தார்கள். ஹாட்மெயில் அப்போது 2 எம்பிதான் தந்துகொண்டிருந்தது. ஜோக் போல வந்து ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன விஷயம் அது. அதே ஜிமெயிலில், 2016 ஏப்ரல் 1 அன்று, அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டன் வைத்தார்கள். அதை அழுத்தினால் உன் மெயிலோடு ஒரு கார்ட்டூன் உருவம், 'என் பேச்சு முடிந்தது' என்கிற பாவனையில், மைக்கைக் கீழே போடும் படமும் போய்விடும், அதற்கு வரும் பதில்களும் உன் கண்ணில் படாது. வேலை விஷயமாக எழுதியவர்கள் கை தவறி அழுத்திவிட்டுத் தவித்தார்கள். கூகுள் அன்றைக்கே அதை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் ஊழியர்களிடம் ஏப்ரல் முதல் தேதி விளையாட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கோடிக்கணக்கான பேர் தினம் கையில் பிடிக்கிற கருவியில், அவர்களைக் கேட்காமல் ஜோக் அடிப்பது பெரிய கம்பெனிக்குத் தகாது. அந்த நாய்க்குட்டிக்குப் பதிலாக, "பணம் உங்கள் வங்கியில் பத்திரமாக இருக்கிறது, இத்தனை நாளில் திரும்பும்" என்று ஒரு வரி போட்டிருந்தால் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

வரும் திங்கட்கிழமை என் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஐபி பாடம் ஆரம்பிக்கிறேன். கீழ் லேபிலிருந்து மூன்றாம் மாடிக்குத் துண்டுச் சீட்டில் பாக்கெட் எழுதி ஆளனுப்பப் போகிறோம். எத்தனை வந்து சேருகிறது, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று போர்டில் எழுதுவோம். 1149ஐ நீ டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் எடுத்து ஃபைலில் வைத்திருந்தாயே, கிடைத்தால் கூரியரில் அனுப்பு. ஓரத்தில் துளை போட்ட அந்தத் தாளிலேயே அவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அப்பாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுது. லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

உன்
வசந்தா