மெலினாவின் துறைமுகத்திலிருந்து

பிரேயஸ், கிரேக்கம்
மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். பெராமாவின் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை தடையின்றி நடக்கிறது, குளிரும் தணிந்துவிட்டது.

இந்நாட்டு மக்கள் எந்தத் தலைவரை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். என்னுடன் வேலை செய்யும் மூத்தவர்கள், தங்கள் வீட்டுப் பெண்ணைச் சொல்வதுபோல் ‘மெலினா’ என்று பெயரை மட்டும் சொல்லும் மெலினா மெர்கூரியைப் பற்றி எழுதுகிறேன். இன்று அவருடைய நினைவு நாள்.

1920இல் ஏதென்ஸில் பிறந்த அவர், அந்நகர மேயராக இருந்தவரின் பேத்தி. இந்தத் துறைமுகத்தைக் களமாகக் கொண்ட ஒரு படத்தால் 1960இல் உலகறிந்த நடிகையானார். 1967 ஏப்ரல் 21 அன்று கிரேக்க ராணுவக் கர்னல்கள் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அமெரிக்காவில் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த அவர், அங்கிருந்தபடியே அவர்களை எதிர்த்துப் பேசினார். அதற்காக அவருடைய குடியுரிமையைப் பறித்தார்கள். கிரேக்கப் பெண்ணாகப் பிறந்தேன், கிரேக்கப் பெண்ணாகவே சாவேன் என்று அவர் பதில் சொன்னாராம். இதைக் கேட்ட அன்று, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வழியனுப்பியது நினைவுக்கு வந்து, இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

1974இல் அந்த ஆட்சி வீழ்ந்ததும் நாடு திரும்பினார். அவ்வாண்டுத் தேர்தலில் சொற்ப வாக்குகளில் தோற்றாலும், 1977இல் பாசோக் என்ற சோஷலிசக் கட்சியின் சார்பில் இதே பிரேயஸில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1981 முதல் 1989 வரை பண்பாட்டு அமைச்சர். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர்தான். ஐரோப்பாவில் ஆண்டுதோறும் ஒரு நகரைப் பண்பாட்டுத் தலைநகராகக் கொண்டாடும் வழக்கம் அவருடைய முயற்சியால் 1985இல் ஏதென்ஸிலிருந்தே தொடங்கியது.

ஆனால் அவர் உயிராக நினைத்தது ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் உள்ள பழங்காலப் பார்த்தெனான் கோயிலின் சிற்பங்களை மீட்பதைத்தான். துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு கிரேக்கத்தை ஆண்ட காலத்தில் பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்கின் பிரபு பெயர்த்துக் கொண்டுபோன அச்சிற்பங்களை, 1816 முதல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. 1982இல் மெக்சிகோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் அவற்றைத் திருப்பிக் கேட்ட மெலினா, அதன்பின் செல்லுமிடமெல்லாம் கேட்டார். 1993இல் மீண்டும் அமைச்சரானார். மறு ஆண்டு இதே நாளில் நியூயார்க்கில் புற்றுநோயால் இறந்தார். உடல் ஏதென்ஸுக்கு வந்தபோது தெருவெல்லாம் மக்கள் வெள்ளம் என்று எங்கள் மேஸ்திரி கண்கலங்கச் சொன்னார்.

அவர் நினைவாக இன்று அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, 2009இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். மேல்தளத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் குன்றின்மீது கோயில் தெரிகிறது; உள்ளே தேன்நிறம் ஏறிய அசல் கற்களுக்கு இடையிடையே, லண்டனில் உள்ளவற்றின் வெள்ளைச் சுண்ண நகல்களைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பாட்டி தன் பேரனின் கையைப் பிடித்து, எது நம்முடைய கல், எது நகல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். நானும் அவர்கள் பின்னாலேயே கடைசி வரை நடந்தேன்.

அம்மாவை மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்