ஒரே கட்டிக்கு நான்கு பெயர்: மொரிஷியஸ் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாசிரியர்களுக்கும், கோயில் மருத்துவ முகாம்களுக்குத் துண்டறிக்கை எழுதித் தருவோருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ரோஸ்ஹில்லில் உள்ள என் வீட்டுக்குப் பெரியம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே மடித்து மடித்து நைந்துபோன மூன்று காகிதங்கள். மூன்றிலும் விபூதி படிந்திருந்தது. மருத்துவர் கைப்பட எழுதியதில் பிரெஞ்சில் ‘ஃபிப்ரோம்’, ஸ்கேன் அறிக்கையில் ஆங்கிலத்தில் ‘ஃபைப்ராய்டு’, இன்னொன்றில் ‘லியோமயோமா’.

“எனக்கு மூன்று நோயா, மகளே?”

மூன்றும் கருப்பையில் வளரும் ஒரே கட்டியின் பெயர்கள்தான் என்றேன். நம்பாமல் நான்காவது காகிதத்தை நீட்டினார். ஒரு முகாமில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கை; அதில் ‘நார்க்கட்டி’ என்றிருந்தது. சென்ற ஆண்டு சித்தி மகளுக்கு மார்பில் வந்த ஃபைப்ரோஅடினோமா என்ற கட்டியையும் வீட்டில் நார்க்கட்டி என்றுதான் சொன்னோம். அது வேறு, இது வேறு. பெரியம்மா குழம்பியதில் என்ன தவறு?

‘ஃபைப்ராய்டு’ என்பதற்கு ‘நார் போன்றது’ என்று பொருள். கட்டியை அறுத்துப் பார்த்தால் வெளிறிய நார்கள் சுழிசுழியாகத் தெரியும். ஆனால் அது முளைப்பது கருப்பைச் சுவரின் தசையிலிருந்து. ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ 1854இலேயே இதைக் காட்டிவிட்டார். அப்படியும் உலக வழக்கில் நார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ‘லியோமயோமா’ என்ற கிரேக்கச் சொல்தான் உண்மையைச் சொல்கிறது: வழவழப்பான தசையில் எழும் கட்டி.

ஆகவே ‘கருப்பைத் தசைக்கட்டி’ என்று எழுதுங்கள். பக்கத்திலேயே ‘ஃபிப்ரோம்’ என்றும் போடுங்கள். மருத்துவரிடம் நம் பெண்கள் கிரியோலில்தான் பேசுகிறார்கள்; அங்கே கைகொடுப்பது அந்தச் சொல்தான். தூய தமிழுக்காக அதை ஒளிப்பது அவர்களைக் கைவிடுவதாகும்.

கட்டி என்றதும் நம் வீடுகளில் புற்று என்றே கேட்கிறது. அதனால் அடுத்த வரியிலேயே இது புற்றுநோய் அல்ல, புற்றாக இருப்பது மிக அரிது என்று சொல்லுங்கள். ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது வந்திருக்கும். பலருக்கு எந்தத் தொல்லையும் தராது. மாதவிடாய் நின்றபின் பொதுவாகச் சுருங்கிவிடும். அளவைவிட இடம் முக்கியம்: வெளிப்புறமாக வளர்ந்த பெரிய கட்டி சும்மா இருக்க, கருப்பையின் உட்குழிக்குள் துருத்தும் சிறு கட்டி பெரும் உதிரப்போக்கைத் தரக்கூடும்.

அந்தத் துண்டறிக்கை உதிரப்போக்கைப் ‘பெண்களுக்குரிய தொல்லை’ என்று கூச்சத்தோடு கடந்துவிட்டது. படியேறும்போது மூச்சு வாங்குவதை வயதுக்கோளாறு என்றே பெரியம்மா எண்ணியிருந்தார். அது இரத்தசோகை. மாதம் எட்டு நாள் உதிரம் கொட்டியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தயவுசெய்து ‘உதிரப்போக்கு’ என்ற சொல்லை வெளிப்படையாக அச்சிடுங்கள்.

அடுத்த அறிக்கை அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவருக்கு விளங்காத வரிகளை அடிக்கோடிட்டு மறுநாளே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு தமிழாசிரியை